குழிக்கு மேல் ஒரு ஆள்

பெருமாள்சாமியும் வெள்ளையம்மாளும் பேச்சை நிறுத்தி ஆடி மாதம் முழுசாகக் கழிந்துவிட்டது. ஒரே கூரைக்குள் பேசாமல் இருப்பது வேலம்பாளையம் லைன் வீடுகளில் அதிசயமில்லை. குடித்துவிட்டு வந்ததற்காக ஒருத்தி, சொல்லாமல் ஊருக்குப் போனதற்காக ஒருவன் என்று எந்நேரமும் ஏதாவது ஒரு கதவுக்குப் பின்னால் பேச்சு நின்றுதான் கிடக்கும். ஆனால் அவர்களெல்லாம் காலையில் ஆளுக்கொரு கம்பெனிக்குப் பிரிந்து போய்விடுவார்கள். இவர்கள் இருவரும் போவது ஒரே கம்பெனி. அவர் மிஷினுக்கு அடியிலுள்ள குழிக்குள் இறங்குவார்; அவள் குழிக்கு மேலே நின்று கவனிப்பாள். கீழே இறங்கினவனின் மூச்சுக்கு மேலே நிற்கிற ஆள்தான் பொறுப்பு என்று மெட்ராஸிலிருந்து வந்த மிஷின்காரர் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கம்பெனி நல்லூர் பக்கம். முதலாளி பேர் லிங்கசாமி. சாயம் போட்டு வருகிற பனியன் துணியை அகலமாக விரித்துப் பிடித்துச் சூடு காட்டிச் சுருங்காமல் நிறுத்துகிற மிஷின் அங்கே இருந்தது. ஸ்டென்டர் என்பார்கள். ரயில் பெட்டிகளைக் கோத்ததுபோல் அறை அறையாக நீண்டு கிடக்கும். துணி ஓட ஓட, அதிலிருந்து பறக்கிற பஞ்சும், துணியை மிருதுவாக்கப் போடுகிற மருந்தின் ஆவியும் சேர்ந்து அறைச் சுவரெல்லாம் தார்போலப் படிந்துவிடும். அப்படியே விட்டால் ஒருநாள் தீப்பிடிக்கும். அதனால் மாதத்துக்கு ஒரு தடவை மிஷினை நிறுத்திச் சுரண்டியாக வேண்டும்.

அந்தச் சுரண்டல் வேலைக்கு வெள்ளையம்மாள்தான் தலை. அவளோடு ஐந்து பேர். பாண்டியம்மாள், மருதாள் என்று எல்லாருமே கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். சூடு முழுசாக ஆறுவதற்குள் உள்ளே இறங்கிவிட வேண்டும். ஆறிவிட்டால் கசடு கல்லாகிவிடும். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, பட்டை உளியும் கம்பி பிரஷும் மண்ணெண்ணெய்த் துணியுமாகக் குனிந்து கிடப்பார்கள். வெளியே வந்து துப்பினால் எச்சில் கறுப்பாக வரும். சோறு பிசைகிற கையில் மண்ணெண்ணெய் வாடை லேசில் போகாது. ஆசைப்பட்டு யாரும் செய்த வேலையல்ல அது. ஆனாலும் ஆறு பேரும் சேர்ந்து போய், சேர்ந்து சுரண்டி, கம்பெனி வாசலில் டீயும் பன்னும் தின்றுவிட்டு, ஒருத்தி மூஞ்சியில் இருக்கும் கரியை இன்னொருத்தி சொல்லிச் சிரித்துக்கொண்டு சேர்ந்தே திரும்புவார்கள். இந்தக் கம்பெனி முடிந்தால் அடுத்த கம்பெனி.

வைகாசியில் முதலாளி மகன் நித்தீஷ் ஐஸ் மிஷினைக் கொண்டுவந்து இறக்கினான். ஐஸ் என்றால் சோடாக் கடை ஐஸ் அல்ல. புழுங்கலரிசி மாதிரி பொடிப்பொடியாக வெள்ளையாக இருக்கும். தொட்டால் சுட்டதுபோல் தோல் உரியும். கம்பிரஸர் காற்றோடு கலந்து துப்பாக்கிபோல ஒரு குழாய் வழியாக அதை அடித்தால், கசடு சில்லுச் சில்லாகத் தெறித்து விழும். அந்த ஐஸ் உருகித் தண்ணீராவதில்லை. நேரே புகையாகப் போய்விடும். தரையில் குப்பை மட்டும் காய்ந்து கிடக்கும், கூட்டி அள்ளினால் முடிந்தது. கம்பெனியில் மிஷின் பழுது பார்க்கிற பிட்டருக்குக் கையாளாக இருந்த பெருமாள்சாமியிடம் துப்பாக்கியைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு பேர் இரண்டு நாள் சுரண்டுகிற இடம் அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குள் பளபளவென்று ஆகிவிட்டது.

லிங்கசாமி அறைச் சுவரின் தகரத்தை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். "ஏனுங்க பெருமாள்சாமி, இனி இந்த வேலைக்கு எத்தன ஆளுங்க வேணும்?"

"ரெண்டு ஆளு போதும் மொதலாளி. துப்பாக்கிக்கு நானு. மேல நின்னு பாக்க ஒரு ஆளு."

பெருமாள்சாமி தகரத்தைப் பார்த்தபடி அதைச் சொன்னபோது சுவரோரம் உளியும் கையுமாக ஆறு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

மேலே நிற்கிற அந்த ஒரு ஆள் வெள்ளையம்மாள் என்று முடிவானது. வேண்டாம் என்று சொல்லத்தான் அவளும் வாயெடுத்தாள். ஆனால் மெட்ராஸ்காரர் சொன்ன குழிக் கதையைக் கேட்ட பிறகு, வேறு யாரோ ஒரு ஆள் மேலே பராக்குப் பார்த்து நிற்க அவர் கீழே இறங்குவதை நினைக்க அவளுக்கு மனசு வரவில்லை. மற்ற ஐந்து பேருக்கும் வேலை போனது. மற்ற கம்பெனிக்காரர்களும் லிங்கசாமியின் மிஷினையே வாடகைக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். தண்ணீர்க் குழாயடிக்கு வெள்ளையம்மாளின் குடம் வந்தால் பேச்சு நின்றது. பாண்டியம்மாள் மட்டும் ஒருநாள், "ஒங்க வீட்டுல ரெண்டு பேருக்கும் வேல நெலச்சுருச்சு மதினி. நல்லாருங்க," என்றாள். வைதிருந்தால்கூடப் பரவாயில்லை. அன்று சாயங்காலம் வெள்ளையம்மாள் புருஷனோடு பேச்சை நிறுத்தினாள்.

அந்தக் குழி ஸ்டென்டருக்கு அடியில் புகைக்குழாய் போகிற குழி. ஆளை மறைக்கிற ஆழம். ஐஸிலிருந்து வருகிற புகை காற்றைவிடக் கனம். தண்ணீர் மாதிரி பள்ளத்தைத் தேடித்தான் போகும். அது நிரம்பிவிட்டால் உள்ளே இருக்கிறவன் தூங்குகிறவன்போல விழுந்துவிடுவான். காப்பாற்ற இறங்கினவனும் விழுவான். அதனால் பெரிய காற்றாடி ஒன்றை வைத்து, குழாய் வழியாகக் குழிக்குள் நல்ல காற்றை ஊதிக்கொண்டே இருப்பார்கள். அதோடு, மேலே நிற்கிற ஆள் அடிக்கடி கூப்பிட்டுக் கேட்க வேண்டும். காதுமூடி மாட்டியவருக்குக் கூப்பாடு எங்கே கேட்கும்? பெருமாள்சாமியே ஒரு வழி செய்தார். அக்குளுக்கடியில் நைலான் கயிற்றைக் கட்டிக்கொண்டு மறுநுனியை அவள் கையில் கொடுத்தார். ஒரு இழுப்பு இழுத்தால் 'இருக்கீகளா' என்று அர்த்தம். 'இருக்கேன்' என்று அவர் ஒரு இழுப்பு இழுக்க வேண்டும். மூன்று இழுப்பு என்றால் மேலே வந்துவிட வேண்டும்.

பேச்சு நின்ற பிறகு அந்த வீம்பு கயிற்றிலும் ஏறியது. அவள் வெடுக்கென்று இழுப்பாள். அவர் சாவகாசமாகப் பதில் இழுப்பார், சில நேரம் அதுவும் இல்லை. மூன்று இழுப்பு இழுத்தாலும் கையிலிருப்பதை முடித்துவிட்டுத்தான் ஏறி வருவார். ஏறி வந்து அவளைப் பார்க்காமல் தண்ணீர்ப் பானைக்குப் போவார்.

ஆவணி பிறந்த முதல் செவ்வாய்க்கிழமை காலையில் வெள்ளையம்மாள் மூன்று பேருக்கு இட்லி அவித்திருந்தாள். மகளை அவிநாசிபாளையத்தில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் இவர்கள் இருவர்தான். மூன்றாவது ஆள் பக்கத்து ரூம் முனீஸ். கம்பெனியில் கம்பிரஸர் ஓட்டுகிறவன், சொந்த ஊர்ப் பக்கம், கல்யாணம் தட்டிப்போய்க்கொண்டே இருக்கிற முப்பது வயசுக்காரன். சாப்பாட்டுக்கு இவர்கள் வீட்டில் சொல்லிவைத்திருந்தான். சாப்பாட்டோடு தூதும் அவன் தலையில் விழுந்திருந்தது.

"முனீசு, சட்னி இன்னும் இருக்கான்னு கேளு," என்றார் பெருமாள்சாமி.

வெள்ளையம்மாள் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். "இருக்குன்னு சொல்லு. நேத்து உப்புக் கூடிருச்சுன்னு தட்டுலயே ஒதுக்கி வச்சவுகளுக்கு இன்னைக்கு எதுக்காம், அதையும் கேளு."

"அண்ணாச்சி, சட்னி இருக்காம்."

"முழுசாச் சொல்லுல," என்றாள்.

"மதினி, நடுவுல ஒக்காந்திருக்க எனக்கே காது வலிக்கு. அண்ணாச்சிக்கு மட்டும் கேக்காமலா இருக்கு? எனக்கு இதுல என்ன சம்பளம்?"

"நீ முழுங்குத இட்லிதான் சம்பளம்."

"அப்ப இன்னும் ரெண்டு வைங்க. வேல கூடிப்போச்சு."

பெருமாள்சாமிக்குச் சிரிப்பு வந்தது. தண்ணீர்ச் சொம்பை எடுத்து வாயை மறைத்துக்கொண்டார். சொம்பைக் கீழே வைத்தபோது சிரிப்பு போய்விட்டிருந்தது. "முனீசு, இதையும் கேளு. அந்தச் சூட்டுக்குள்ள குனிஞ்சு கெடந்து ராவெல்லாம் இருமிக்கிட்டுக் கெடந்தாளே, அது நல்லாருந்துச்சாமா? அதுலருந்து வெளிய இழுத்து விட்டது ஒரு குத்தமா?"

"குத்தமில்லன்னு சொல்லு. அந்த எழவு வேல ஒழிஞ்சதுக்கு நான் ஒண்ணும் அழுகல. மொதலாளி கேட்டாரு, எத்தன ஆளுன்னு. ஆறு பேரு நிக்கோம். ஒருத்தி மூஞ்சியவாவது ஏறிட்டுப் பாத்தாகளா? பாக்காமலே ரெண்டு போதும்னாக. அம்புட்டுச் சுளுவா வந்துருச்சே அந்த வார்த்த. அது எப்படி வந்துச்சுன்னு கேளு."

முனீஸ் இதை யாரிடமும் திருப்பிச் சொல்லவில்லை. பெருமாள்சாமி கை கழுவப் போய்விட்டார்.

அன்று கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து டெம்போவில் ஐஸ் வந்து இறங்கியிருந்தது. தெர்மாகோல் பெட்டிகளின் மூடி இடுக்கில் வெள்ளைப் புகை வழிந்துகொண்டிருந்தது. லிங்கசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"இன்னிக்கே முடிச்சுப் போடலாமுங்களா? நாளைக்கு வெச்சா பாதிப் பெட்டி காத்தாப் போயிருமுங்க. நாளைக்கு விடிஞ்சா துணி ஏத்தோணும்."

"முடிச்சுருவோம் மொதலாளி."

"குழியையும் பாத்துப் போடுங்க. போன தடவ குழிய உட்டுப் போட்டீங்க."

மேலே அறைகளை முடித்து, டீக் குடித்துவிட்டுப் பெருமாள்சாமி குழியில் இறங்கினார். வெளியே மேகம் மூடி, மழையும் பெய்யாமல் புழுங்கிக்கொண்டிருந்தது. தகரக் கூரைக்குக் கீழே சாய வாடையும் எண்ணெய் வாடையும் நகராமல் நின்றன. வெள்ளையம்மாளுக்குத் தலையில் வேர்வை வழிந்தது. குழி விளிம்பில் ஊன்றிய காலில் மட்டும் சில்லென்று பனி ஏறியது. கீழே துப்பாக்கி ஓயாமல் சீறியது. முற்றத்தில் டீசல் கம்பிரஸர் முழங்கியது. முனீஸ் ஐஸை மிஷினின் வாயில் அள்ளிக் கொட்டிவிட்டு, கம்பிரஸர் பக்கம் போய் நின்றுகொண்டான்.

அவள் ஒரு இழுப்பு இழுத்தாள். பதில் வந்தது. இன்னும் சற்றுப் பொறுத்து இழுத்தாள். வந்தது.

அப்போது கரண்ட் போனது. அந்த வருஷம் கரண்ட் போகாத நாள் ஏது? மேலே விளக்கெல்லாம் அணைந்தன; கீழே அவர் தலையில் கட்டியிருந்த பாட்டரி விளக்கு மட்டும் எரிந்தது. கம்பிரஸர் டீசலில் ஓடுவதால் அதன் முழக்கம் நிற்கவில்லை, துப்பாக்கியும் நிற்கவில்லை. நின்றது காற்றாடி மட்டும்தான். அந்த இரைச்சலில் அது நின்ற சத்தம் யாருக்கும் தெரியவில்லை. வெள்ளையம்மாளுக்குக் கண்ணில் பட்டது. இறக்கை சுற்றுவது மெல்ல மெல்லத் தளர்ந்து நிற்பதைப் பார்த்தாள். உடனே மூன்று இழுப்பு இழுத்தாள்.

அவர் வரவில்லை. துப்பாக்கி சீறிக்கொண்டேதான் இருந்தது.

மறுபடி மூன்று இழுத்தாள். கயிறு கீழே விறைப்பாக நின்றது. பிடிவாதமாக ஒரு ஆள் அந்தப் பக்கம் நிற்பது கைக்குத் தெரிந்தது. 'ஆரம்பிச்சுட்டாக' என்று நினைத்தாள். மூன்றாம் தடவையும் இழுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். இழுக்க வேண்டியது என் வேலை, இழுத்தாச்சு. ஏறி வர வேண்டியது அவுக வேலை. இன்னொரு தடவை இழுத்தால் கெஞ்சுவதுபோல் ஆகிவிடும்.

சற்று நேரத்தில் துப்பாக்கி நின்றது. 'வாராக' என்று முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். ஏணியில் கால் வைக்கிற சத்தம் வரவில்லை. குழாயை மாற்றிப் பிடிக்கிறாரோ என்னவோ. ஏணிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு, அவர் ஏறி வந்து தன்னைப் பார்க்காமல் போவதையும், தான் அவரைப் பார்க்காமல் நிற்பதையும் மனசுக்குள்ளேயே ஒத்திகை பார்த்தாள்.

குழி வாயில் புகை, பானையில் தண்ணீர் தளும்புவதுபோல் விளிம்பு மட்டத்துக்கு அசையாமல் நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் கட்டியிருந்த கையைப் பிரித்தாள். கயிற்றைப் பிடித்து இழுத்தாள். விறைப்பு இல்லை. தொளதொளவென்று கொஞ்சம் வந்தது. பிறகு வெறும் கனம்.

கத்தத்தான் வாயைத் திறந்தாள். அந்த முழக்கத்தில் யாருக்குக் கேட்கும்? கீழே கிடந்த ஸ்பானரை எடுத்து மிஷின் தகரத்தில் மாறி மாறி அடித்தாள். முனீஸ் ஓடிவந்தான். குழியை எட்டிப் பார்த்தவன் ஏணியில் காலை வைத்துவிட்டான். அவள் அவன் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"எறங்காதல. நீயும் போயிருவ. கயித்தப் பிடி."

"மதினி, விடுங்க, அண்ணாச்சி..."

"கயித்தப் பிடிங்கேன்."

துணி மடிக்கிற இடத்திலிருந்து இரண்டு பீகார்ப் பையன்களும் ஓடிவந்து கயிற்றைப் பிடித்தார்கள். கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்குவதுபோல இழுத்தார்கள். தலை விளிம்புக்கு வந்ததும் வெள்ளையம்மாள் குனிந்து அக்குளில் கை கொடுத்து ஏந்தினாள். தரையோடு தரையாக முற்றத்துக்கு இழுத்துப் போனார்கள். முகம் சாம்பல் பூத்திருந்தது. அவள் முகமூடியைப் பிடுங்கி எறிந்தாள். சட்டைப் பித்தானைத் தெறிக்க விட்டாள். கன்னத்தில் அறைந்தாள், ஒரு மாதக் கோபமும் அதில் இருந்ததோ என்னவோ, பலமாகவே அறைந்தாள். குறட்டைபோல ஒரு மூச்சு உள்ளே போனது. பிறகு இன்னொன்று.

லிங்கசாமி கார்ச் சாவியோடு ஓடிவந்தார். "ஒண்ணும் ஆகாதுங்கம்மா. ஏத்துங்க, ஏத்துங்க. கண்ணு, அந்தக் கதவப் புடி."

ஆஸ்பத்திரியில் மூக்கில் காற்றுக்குழாய் வைத்துப் படுக்கவைத்தார்கள். சாயங்காலம் கண் திறந்து ஆளைத் தெரிந்துகொண்டார். தலைவலி மட்டும் தாங்க முடியாமல் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். லிங்கசாமி அன்று இரண்டு தடவை வந்து பார்த்தார். போகும்போது வராண்டாவில் வெள்ளையம்மாளிடம் தணிந்த குரலில், "இனி மேல ரெண்டு பேரு நிக்கோணுமுங்க. ஒருத்தரு கயித்துக்கு, ஒருத்தரு காத்தாடிக்கு. உங்களுக்குத் தெரிஞ்ச ஆளா ஒருத்தரச் சொல்லிப்போடுங்க," என்றார்.

மறுநாள் மத்தியானம் ஷேர் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தார்கள். சேதி தெரிந்து பாண்டியம்மாளும் மருதாளும் வந்தார்கள். ரொட்டிப் பாக்கெட்டும் சாத்துக்குடியும் வாங்கி வந்திருந்தார்கள். மருதாள் ஒன்றும் கேட்காமல் காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். பாண்டியம்மாள் வாசல்படியில் உட்கார்ந்துகொண்டு உள்ளே கிடந்தவரை எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே, ஐஸுக்குள்ள படுத்து ஒறங்கிட்டீகளாம்ல. வீட்டுல இந்தப் புழுக்கத்துல நாங்க கெடக்கோம்."

"ஒனக்கும் ஒரு எடம் போட்டு வச்சிருக்கேன், வா," என்றார் அவர் படுத்தபடியே.

"வேண்டாஞ்சாமி. எங்களத்தான் வேண்டாம்னுட்டீகளே." சொல்லிவிட்டு அவளே வருத்தப்பட்டதுபோல் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பாக்கவே சங்கடமா இருக்கு மதினி. ஆளு பாதியாப் போனாரு."

மருதாள் குடத்தோடு வந்து அமர்ந்த பிறகு வெள்ளையம்மாள் முதலாளி சொன்னதைச் சொன்னாள். மறைத்தால் எப்படியும் தெரிந்துவிடும்.

"எத்தன ஆளு?" என்றாள் பாண்டியம்மாள்.

"ஒரு ஆளு."

"ஒண்ணுதானா."

"ஒண்ணுதான்."

ரொட்டிப் பாக்கெட்டின் காகிதத்தை மருதாள் மடித்து மடித்துப் பிரித்தாள். வெள்ளையம்மாள் இருவர் முகத்தையும் பார்த்தாள். வராத மூன்று பேரின் முகமும் கூடவே வந்து நின்றது. ஒரு பேரைச் சொல்வதென்றால் நாலு பேரைச் சொல்லாமல் விடுவது. நேருக்கு நேர் முகம் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல யாராலும் முடியாது போலிருக்கிறது. எங்காவது தகரத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொல்ல முடியும்.

"நான் சொல்ல மாட்டேன். நீங்க அஞ்சு பேரும் பேசி ஒருத்தியச் சொல்லுங்க," என்றாள்.

"எங்க தலையிலயே தூக்கிப் போடுதீகளாக்கும்," என்று பாண்டியம்மாள் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "மருதா போகட்டும். இவ முட்டிக்கு இனிமே குனிஞ்சு சுரண்டுத வேல எங்க கெடச்சாலும் ஆகாது. நிக்கத்தான் லாயக்கு."

"நீ போயேன்," என்றாள் மருதாள்.

"நான் போனா எங்க வீட்டுக்காரன் குழிக்குள்ள இல்லையே, யாருக்காகக் கண்ணு முழிச்சு நிக்க?" பாண்டியம்மாள் எழுந்து சேலையைத் தட்டினாள். "பேசிச் சொல்லுதோம் மதினி. அவுகளுக்குக் கஞ்சி குடுங்க."

அவர்கள் போன பிறகு அவள் கஞ்சியை ஆற்றிக் கொண்டுவந்து வைத்தாள். கரண்ட் இல்லை. முனீஸ் கம்பெனியில் மீதி ஐஸை வெளியே கொட்டி மிஷினைக் கழுவி மூடப் போயிருந்தான். யாரிடம் சொல்லச் சொல்வது என்று தெரியாமல் இருவரும் கொஞ்ச நேரம் கஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மூணு மூணா இழுத்தேன்," என்றாள்.

"ம்."

"தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுச்சு."

"பெறகு ஏன் ஏறி வரல?"

பெருமாள்சாமி டம்ளரை எடுத்து, குடிக்காமல் மறுபடி வைத்தார். "மொதத் தடவ வேணும்னுதான் வரல. ஒரு மூலதான் பாக்கி, முடிச்சுட்டுப் போவோம், அவ நிக்கட்டும்னு நெனச்சேன். ரெண்டாந் தடவ சிரிச்சேன். கோவத்தப் பாருன்னு. காத்தாடி நின்னது எனக்கு எங்க தெரியும்? பெறகு கையி கனத்துச்சு. சரி, பாவம், பதிலுக்கு இழுப்போம்னு தோணுச்சு. இழுத்தேன்."

"இழுக்கல."

"இழுத்தேன்னுல நெனச்சுக்கிட்டிருக்கேன்."

"இல்ல. வரல." அவள் தரையைப் பார்த்தாள். "நானும் நிறுத்திட்டேன். துப்பாக்கி நின்ன பெறகும் கையக் கட்டிக்கிட்டுத்தான் நின்னேன். வீம்புல வராம இருக்கீகன்னு நெனச்சு."

அவர் டம்ளரின் விளிம்பை விரலால் துடைத்தார்.

"எதுவரைக்கும் வீம்பு, எதுலருந்து மயக்கம்?" என்று கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொண்டால் தேவலை என்பதுபோல் கேட்டாள்.

பெருமாள்சாமி கண்ணை மூடி, அந்தக் குழிக்குள் மறுபடி இறங்கித் தேடுகிறவர்போல் நெடுநேரம் யோசித்தார்.

"அது எனக்கே பிடிபடல, வெள்ளையம்மா," என்றார்.

அவள் டம்ளரை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் குடிக்கக் குடிக்க, மடக்குக்கு மடக்கு அவர் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.